இரட்டை முடிச்சு

சீலா மீனின் நடுத்துண்டைப் பயிற்சியாளரின் தட்டில் வைத்தாள் ஸ்டெபினாவின் அம்மா.

அவர் இன்னும் சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே வீடு, இதே நடுத்துண்டு. அன்று சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் பேச்சை எடுத்தார். கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு உங்கள் மகள் வேண்டும். படிப்பு இலவசம், விடுதி இலவசம். என் பொண்ணு மாதிரி பாத்துக்கிறேன்.

எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார். பயிற்சியாளர் வேலை பாதி மைதானத்தில், பாதி இப்படிப்பட்ட வீடுகளில். பெயர் மறந்துபோன பெண்கள் உண்டு. அந்த வீடுகளில் சாப்பிட்டது மறக்கவில்லை. ஒரு வீட்டில் கஞ்சியும் கருவாடும். ஒரு வீட்டில் அவருக்காகவே கடையில் வாங்கி வந்த பரோட்டா. சாப்பிட்ட வீட்டில் சொன்ன வார்த்தையை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

ஸ்டெபினா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வலது காலை மடக்காமல் நீட்டியிருந்தாள். பஸ்ஸிலும் அப்படியேதான் வந்தாள். வழியெல்லாம் எதுவும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். அம்மாவிடம்தான் சுளுக்கு என்று போனில் சொல்லி வைத்திருந்தாள்.

அம்மா பேசிக்கொண்டே பரிமாறினாள். கப்பு வாங்கிக் கொடுத்த பிறகும் சாருக்குக் காலேஜில் சோறு போடுவதில்லையா, இப்படி மெலிந்துவிட்டீர்களே என்று கேலி செய்தாள். பேப்பரில் வந்த படத்தை மாதா கோயில் சாமியாரிடம்கூடக் காட்டினாளாம்.

கோப்பை இப்போது கல்லூரி முதல்வர் அறையில் இருக்கிறது.

அந்த இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் ஸ்டெபினா முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். வீங்கியிருந்தது. கோப்பை வராவிட்டால் அடுத்த வருடம் உங்களுக்கு வேலை இல்லை என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

அவரே குனிந்து கட்டுப் போட்டார். அவரே அவள் பூட்ஸ் கயிற்றை இறுக்கினார். இரட்டை முடிச்சு. அணிக்கு வரும் பெண்களுக்கு முதல் நாள் அவர் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். எவ்வளவு ஓடினாலும் அவிழாது.

முடியுமா என்று கேட்டார்.

முடியும் சார் என்றாள். வேறென்ன சொல்வாள்.

இன்று கை கழுவும்வரை அவரால் பொறுக்க முடியவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். முழங்கால் ஜவ்வு அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால் நடக்கலாம். ஓட முடியாது. விளையாடாதவளுக்குச் சலுகையும் இல்லை, விடுதியும் இல்லை என்று முதல்வர் சொல்லிவிட்டார். அவள் பெட்டியையும் கொண்டுவந்திருக்கிறேன்.

குழம்புக் கரண்டி சட்டிக்குள் நின்றது.

கோயிலில் முழங்கால் போட முடியுமா என்று கேட்டாள் அம்மா. அது ஒன்றைத்தான் கேட்டாள்.

முடியாது என்றார்.

அவள் அழவில்லை. மகளைப் பார்க்கவுமில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள்.

இளையவள் ஜெனிஷா வந்தாள். பன்னிரண்டாவது முடித்தவள். அக்காவின் பெட்டியைத் திறந்து பூட்ஸை எடுக்கச் சொன்னாள் அம்மா. சின்னவளுக்கு அது கொஞ்சம் பெரிது. நுனியில் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டாள்.

வாசல் மணலில் ஒரு ஓட்டம் ஓடி சாருக்குக் காட்டு என்றாள் அம்மா. தங்கச்சிக்குக் கயிற்றைக் கட்டி விடு என்று மூத்தவளிடம் சொன்னாள்.

பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"சின்னவ இருக்காள்லா சார். அக்காவ விட நல்லா ஓடுவா. ஒருத்தியாவது படிச்சிட்டு வரட்டும், கூட்டிட்டுப் போங்க. நீங்க பாத்துக்குவீங்கள்லா?"

இன்னொரு துண்டு மீனை எடுத்து அவருடைய தட்டில் வைத்தாள். பதிலுக்காக நின்றாள்.

விரல்களில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

கல்லூரியில் அடுத்த வருடத்துக்கு ஓடக்கூடிய பெண் ஒருத்தி வேண்டும். அதுவும் அவருக்குத் தெரியும்.

பாத்துக்கிறேன் என்ற சொல் நாக்கு வரை வந்துவிட்டது. பழக்கம்.

அப்போதுதான் சுவர்ப் பக்கம் பார்த்தார்.

ஸ்டெபினா தங்கையின் இரண்டு பாதங்களையும் தன் மடியில் எடுத்து வைத்திருந்தாள். தலை நிமிரவில்லை. இடது பூட்ஸின் கயிற்றை வலது பூட்ஸின் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இறுக்கமாக.

இரட்டை முடிச்சு.