சைலன்சர்

"உள்ள இருக்கிற தகட்டையெல்லாம் உருவி எடுத்துரு ராயப்பு. வெறும் குழாய் மட்டும் இருந்தாப் போதும்."

மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுச் சொன்னார் மதுவிலக்கு சப்-இன்ஸ்பெக்டர் பொன்னுத்துரை.

மெக்கானிக் ராயப்பராஜ் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி நிமிர்ந்தான். திண்டுக்கல் நத்தம் ரோட்டில் இருந்தது அவன் பட்டறை.

"எதை உருவச் சொல்றீங்கய்யா? சித்திரை மாசம் நான் போட்டுக் குடுத்தேனே, அதையா?"

"அதையும்தான். ஏற்கெனவே இருந்ததையும் சேத்து."

"என்னய்யா இது? சாராயம் காய்ச்சுறவன் வண்டிச் சத்தத்தக் கேட்டே தப்பிச்சிர்றான், சத்தமே வராமப் பண்ணிக் குடுன்னு நீங்கதான கேட்டீங்க? சைலன்சரைப் பிளந்து, உள்ள இன்னொரு தடுப்பு கட்டி, தகடு வச்சு வெல்டு அடிச்சேன். பக்கத்துல வந்து நின்னாக்கூடத் தெரியாது. அதுக்குக் கூலிகூட நான் வாங்கல."

வாங்காத காரணம் பொன்னுத்துரைக்கும் தெரியும். ராயப்பராஜின் அண்ணன் ஞானராஜ் கள்ளச்சாராயத்தில் குடல் வெந்து செத்தவன். அவன் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பட்டறை வருமானத்தில் அடுப்பு எரிந்தது.

"உன் வேலையில ஒரு குறையும் இல்ல ராயப்பு" என்றார் பொன்னுத்துரை. "இப்ப எனக்குச் சத்தம் வேணும். நான் வாரேன்னு ரெண்டு ஊருக்கு முன்னாலயே கேக்கணும்."

"இழுவை போயிரும்ய்யா. புகை வெளிய போறதுக்கும் ஒரு அளவு இருக்கு. அடைச்சாலும் இழுவை குறையும், ஒரேயடியாத் தொறந்துவிட்டாலும் குறையும். சத்தம்தான் சிங்கம் மாதிரி இருக்கும், மேட்டுல வண்டி ஏறாது."

"ஏறாட்டி தள்ளிக்கிறேன்."

"வால்வு கருகிரும்."

"கருகினா மாத்திக் குடு."

ராயப்பராஜ் அவரை உற்றுப் பார்த்தான். பொன்னுத்துரை முன்னைவிட மெலிந்திருந்தார். அவன் கண்ணைப் பார்க்காமல் வண்டியின் பெட்ரோல் டாங்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவனுகளப் பிடிக்கப் போன இடத்துல, அவனுக உங்களப் பிடிச்சுட்டானுகளாய்யா?"

பட்டறையில் இருந்த எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். போலீஸ்காரரிடம் கேட்கக்கூடிய கேள்வி இல்லை அது. ஆனால் பொன்னுத்துரை கத்தவில்லை.

"சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்துபோனார்.

அன்று முதல் பொன்னுத்துரையின் வண்டி ஊரையே அதிரவைத்தது. டீக்கடையில் சிரித்தார்கள். "தண்டோரா போட்டுட்டு ரெய்டுக்குப் போற ஒரே போலீசு இவருதான்" என்றார்கள். போன இடத்திலெல்லாம் பானைகள் இருந்தன, ஆள் இல்லை. மேலதிகாரி அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்ததாகப் பேச்சு அடிபட்டது. ஒவ்வொரு முறை அந்தச் சத்தம் பட்டறையைக் கடந்தபோதும் ராயப்பராஜ் தரையில் காறித் துப்பினான்.

ஆடி மாதம் ஒரு முற்பகலில் கான்ஸ்டபிள் ஒருவர் வந்து கூப்பிட்டார். சாணார்பட்டி தாண்டி, மலையடிவாரம் போகும் பாதையில் வண்டி நின்றுவிட்டதாம்.

ராயப்பராஜ் வேண்டாவெறுப்பாகப் பஸ் ஏறினான். ஓடை மேட்டில், ஏற முடியாமல் நின்றிருந்தது வண்டி. பொன்னுத்துரை அதை விட்டுவிட்டு நடந்தே உள்ளே போயிருந்தார். இவன் எஞ்சினைக் கழற்றிப் பார்த்தான். சொன்னபடியே வால்வு கருகியிருந்தது.

"தண்ணி குடிங்கண்ணே."

செம்போடு ஒரு பெண் நின்றாள். பேச்சாயி என்று பெயர் சொன்னாள். ஓடைக்கு அந்தப் பக்கம் வீடாம்.

"சத்தம் பாதியில நின்னுபோச்சேன்னு பாக்க வந்தேன்" என்றாள்.

ராயப்பராஜுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "சத்தம் கேட்டதும் உங்காளுக ஓடிட்டானுகள்ல? அப்புறம் என்ன?"

"ஓடலண்ணே, நடந்துதான் போனாக. இப்பல்லாம் யாரும் ஓடுறதில்ல."

"எதுக்கு ஓடணும்? அவருதான் உங்க ஆளாயிட்டாரே!"

"எங்க ஆளா?" பேச்சாயி அவனை வெறித்துப் பார்த்தாள். "ஒரு பானை விடாம ஒடைச்சுப்புட்டுத்தான் போறாரு. வீட்டுல அரிசி இல்லண்ணே. எம்புருசன் வேற வேலை தேடி அகரம் ஊரு வரைக்கும் அலையுறாரு."

"பின்ன எதுக்கு இம்புட்டுச் சத்தத்தோட வாராரு?"

அவள் செம்பைத் தரையில் வைத்தாள்.

"சித்திரையில ஒரு நாள் இதே வண்டி ஒரு பொட்டுச் சத்தமில்லாம வந்துச்சு. பக்கத்துல வந்து நிக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல. அப்பனுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்த எம்மக, போலீசக் கண்டு வெலவெலத்துப் போயி ஓடினா. காட்டுக்குள்ள கெடந்த மொட்டைக் கெணறு அவ கண்ணுல படல. பின்னாலயே குதிச்சுத் தூக்கினதும் அந்தப் போலீசு அய்யாதான். தூக்கி என்ன செய்ய? எனக்கு அவரு மேல இன்னும் ஆத்திரம் அடங்கல. ஆனா அதுக்கப்புறம் அவரு சொல்லிவிட்டாரு, வண்டிச் சத்தம் கேட்டதும் புள்ளைகளக் கையில பிடிச்சுக்கிட்டு மெதுவா நடந்து போயிருங்கன்னு."

ராயப்பராஜின் கை வால்வைப் பிடித்தபடியே நின்றுவிட்டது.

"நீங்க வண்டி வேலை தெரிஞ்சவுக, நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்றாள் பேச்சாயி. "அம்புட்டுப் பெரிய வண்டி, அன்னைக்கு எப்படிண்ணே சத்தமே இல்லாம வந்துச்சு?"