பாரீசுக் கீல்

"இதுதான்யா பாரீசு சாமான்!"

முசியே தெய்வநாயகம் காரின் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். டக்கென்று ஒரே சத்தம். முன்பு போல் தொங்கலும் இல்லை, கிறீச்சும் இல்லை.

மெக்கானிக் குமாரவேலுவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எட்டு மாதம் காத்திருந்து கப்பலில் வந்த பாரீசுக் கீல்கள் நான்கும் அவன் பெஞ்சுக்கு அடியில் சாக்குக்குள் கிடந்தன.

அவனும் என்னதான் செய்வான்? மூடி இல்லாத, இரண்டே பேர் உட்காரும் பழைய பந்தயக் கார் அது. தேய்ந்த கீல்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை வைத்துப் பார்த்தால் ஓர் ஓட்டைகூட நேர்படவில்லை. அரை அங்குலம் தள்ளி நின்றது.

போய்ச் சொன்னதற்கு முசியே குதித்தார். "அசல் சாமான் தப்பாவுமாடா? உன் கைதான் கோணல்! முடியலன்னா சொல்லிடு, மெட்ராஸ்லேர்ந்து ஆள் வரும்."

மெட்ராஸ் ஆள் வந்துவிட்டால் அப்புறம் புதுச்சேரியில் எவன் இவன் ஷெட்டுக்கு வண்டி விடுவான்? தேய்ந்த கீல்களைப் பையில் போட்டுக்கொண்டு ரெட்டியார்பாளையத்துக்கு, பச்சையம்மாளின் உலைக்கு ஓடினான்.

புருஷன் கைகால் விழுந்து படுத்த பதினெட்டு வருஷமாக அந்த உலை அவள் கையில்தான் இருக்கிறது. ஆனால் பொம்பளை அடித்த இரும்பு நிற்காதாம்! அரிவாள், களைக்கொட்டுக்கு மேல் எவனும் அவளை நம்பி வேலை கொடுப்பதில்லை.

பழைய கீலை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள் பச்சையம்மாள். "இதே அளவுல அடிச்சிடலாம் தம்பி. கூலிகூடக் கெடக்கட்டும். முசியே வூட்டு வாசலுக்கு இரும்பு கேட் போடப் போறாராமே? இத அடிச்சது யாருன்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடு. அந்த வேலை கெடச்சா நாலு பேரு என்னை நம்புவாங்க."

"சத்தியமா சொல்றேங்க்கா!" என்று அவள் உலைமீதே கை வைக்காத குறையாகச் சொன்னான்.

இன்று காலை கதவுக்கு அடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, அவள் அடித்த கீல்களை முடுக்கினான். ஓட்டைக்கு ஓட்டை அப்படியே உட்கார்ந்தது.

இதோ, சொல்ல வேண்டிய நேரம். பச்சையம்மாளும் வந்துவிட்டாள். கரி அப்பிய கைகளை முந்தானையில் துடைத்தபடி ஷெட் வாசலில் நிற்கிறாள்.

"யார்ரா அது?" என்றார் முசியே.

உண்மையைச் சொன்னால், பாரீசுக் கீலைத்தான் மாட்டியதாகச் சொன்ன பொய் அம்பலமாகும். பொம்பளை கையால் பிழைத்தவன் என்ற பேர் வேறு.

"கரி கொண்டாந்து போடுறவ, முசியே."

சொன்ன வாய் அவனுக்கே கூசியது. நேற்றுவரை அக்கா என்று கூப்பிட்ட வாய். அவள் காதில் விழாமல் இருந்திருக்கக் கூடாதா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். விழுந்திருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றிருந்தது.

முசியே பெஞ்சு மேலிருந்த பழைய கீல் ஒன்றை எடுத்துத் தடவினார். "பிரெஞ்சுக் கொடி எறங்கி மூணு வருஷமாச்சு. இந்த மாதிரி இரும்பு அடிக்க இந்த ஊர்ல ஒருத்தனுக்குக் கை இருக்கா, சொல்லு? நான் ஊருக்குத் திரும்பி வந்து பதினோரு வருஷம், இதேதான் ஓடுச்சு. தேஞ்சுதே தவிர விரிசல் உண்டா? கண்ணாடி அலமாரியில வெக்கப் போறேன். பாரீசுக்காரன் பாரீசுக்காரன்தான்!"

குமாரவேலு பெஞ்சுக்கு அடியில் கிடந்த சாக்கைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினான்.

பச்சையம்மாள் உள்ளே வந்தாள். "ஜெர்மன் சண்டைக் காலத்துல முசியே எங்க இருந்தீங்க?"

"சைகோன்ல. செத்துப்போன எங்க அண்ணன்கிட்ட வண்டி இருந்துச்சு. உனக்கென்ன அதப் பத்தி?"

"அப்பல்லாம் பாரீசுக் கப்பலே வரலீங்க. கீல் ஒடஞ்சப்ப, எம் புருஷன் உலைன்னு நம்பி அனுப்புனாரு உங்க அண்ணன்."

அவர் கையிலிருந்த கீலை மெல்ல வாங்கிக்கொண்டாள். குமாரவேலுவை ஒரு தடவை, ஒரே தடவை பார்த்தாள்.

"பழசும் நான் அடிச்சதுதாங்க."