நூல் முனை

"எல்லாக் கட்டத்தையும் நிரப்பிட்டு, இந்த ஒண்ணை மட்டும் ஏண்ணே வெறுமையா விட்டுட்டீங்க?"

தோல் பைப் பட்டறையின் முதலாளியம்மா விண்ணப்பத்தாளைத் தட்டிக் காட்டினாள். 'முன் அனுபவம்' என்றிருந்தது அந்தக் கட்டம்.

"இருபத்திரண்டு வருஷம் கைத்தையல்மா. எங்கேங்கிறதைத்தான் எப்படி எழுதறதுன்னு தெரியலை."

மூன்று பட்டறைகளில் அவர் உள்ளதை உள்ளபடி எழுதிப் பார்த்துவிட்டார். மூன்றிலும், கொடுத்த பேனாவைக்கூடத் திரும்ப வாங்காமல் அனுப்பிவிட்டார்கள். இதுவும் கை நழுவினால் பழைய வேலைதான் கதி. அந்த வேலையை விடும்வரை பேத்தியைத் தூக்கக் கூடாது என்று மருமகன் சொல்லிவிட்டான். குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகிறது.

"ஜெயில்ல தைச்சிருப்பாருக்கா," என்றான் தோல் வெட்டுகிறவன், தலை நிமிராமல். "அதான் வாயைத் திறக்க மாட்டேங்கிறாரு."

"நீ உன் கத்தரியைப் பாரு." அவள் வாய் பிளந்த பை ஒன்றை மேசையில் போட்டாள். "இதைத் தைங்கண்ணே. பார்க்கலாம்."

ஊசிப் பெட்டியில் வளைந்த ஊசியாகத் தேடி எடுத்தார். மற்றவர்கள் வெளியிலிருந்து உள்ளே குத்துவார்கள். அவருடைய ஊசி உள்ளிருந்து வெளியே வந்தது. ஒரு முறை இடது ஓரத்தில், மறுமுறை வலது ஓரத்தில்.

"ஏன் தலைகீழா?"

"வெளியேருந்து குத்தினா ஓரம் உள்ளே மடிஞ்சு பள்ளமாயிடும்மா. இப்படின்னா ரெண்டு ஓரமும் சமமா ஒட்டி நிக்கும்."

"அதுக்காக இவ்வளவு நெருக்கமாவா?"

"பாதி போதும்னுதான் கூட இருக்கிறவங்க சொல்லுவாங்க. எடுத்துட்டுப் போற வீட்ல யாராவது பார்த்துட்டா?"

வெட்டுகிறவன் சிரித்தான். "பிரிஞ்சிடுச்சுன்னு யாராவது திரும்பி வந்திருக்காங்களா?"

"ஒருத்தர்கூட இல்லை தம்பி."

நூலை அறுத்தார். அறுத்த முனையைக் கடைசி மூன்று தையல்களுக்கு அடியில் பின்பக்கமாகச் செலுத்தி மறைத்தார். முதலாளியம்மா தையலின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். முடிவில் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"இந்த முனையை இப்படி மறைக்க யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் இல்லைம்மா. அங்கே நான் மட்டும்தான் இப்படிச் செய்வேன். கடைசியா தடவிப் பார்க்கிற கைக்கு உறுத்தக் கூடாதில்லையா."

அவள் விரலை எடுக்கவில்லை.

"போன மழைக்காலத்துல பெரிய ஆஸ்பத்திரியிலேருந்து என் பையனைக் கொண்டுவந்தாங்க," என்றாள் மெல்ல. "குளிப்பாட்டினது நான்தான். நெஞ்சுலேருந்து அடிவயிறு வரைக்கும் தையல். உறுத்தவே இல்லைண்ணே."

அவரிடம் கொடுத்திருந்த பேனாவைத் திரும்ப வாங்கி, காலியாக இருந்த கட்டத்தில் அவளே எழுதினாள்: 'பிணவறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் தையல். வேலையை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன்.'