சாறும் சக்கையும்

"மஞ்சக்கருவை எடுத்திரு. எனக்கு வெள்ளை மட்டும் போதும்" என்று தட்டைத் தள்ளினான் ராம்கி.

"முழு முட்டைக்குத்தானே காசு குடுத்திருக்கு?" என்றாள் அவன் மனைவி யோகேஸ்வரி.

"மஞ்சள்ல பூராவும் கொழுப்புட்டி. தொப்பைதான் விழும். வீடியோல சொல்லுதான்."

யோகேஸ்வரி மஞ்சள் கருக்களை ஒரு கிண்ணத்தில் எடுத்துப் போட்டாள். செல்போன் ஒன்று சொல்லிவிட்டால் அதை எதிர்த்துப் பேசிப் புண்ணியமில்லை என்று கல்யாணமான இத்தனை நாளில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ராம்கிக்கு உடம்பு ஏற வேண்டும். பொங்கலுக்குள் ஏறியாக வேண்டும்.

போன பொங்கல் அவனுக்குத் தலைப்பொங்கல். மாமனார் ஊரான சுந்தரபாண்டியத்துக்குப் போயிருந்தான். அங்கே ஊர்ப்பொது மந்தையில் ஒரு இளவட்டக்கல் கிடக்கிறது. பொங்கலன்று இளவட்டங்கள் அந்த உருண்டைக் கல்லைத் தோள்வரை தூக்கிப் பின்னால் போடுவார்கள். புது மாப்பிள்ளை வந்தால் அவனும் கை வைத்துப் பார்க்க வேண்டும். ராம்கி குனிந்தான், கட்டிப் பிடித்தான், முக்கினான். கல் அசையவில்லை. வேட்டிதான் அவிழ்ந்தது.

"மாப்ளைக்கு ஒரு சோடா உடைங்கப்பா" என்றான் யோகேஸ்வரியின் அண்ணன் வேல்பாண்டி. எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் யோகேஸ்வரியும் சிரித்தாள். ஊர் சிரித்ததை ராம்கி மறந்துவிட்டான். அவள் சிரித்தது மட்டும் ஆறவேயில்லை.

செட்டியார்பட்டியிலிருந்து தினமும் ராஜபாளையம் போய் ஜிம்மில் பயிற்சி எடுத்தான். அங்கே உள்ளவர்கள் புரோட்டீன் பவுடர் டப்பாவைக் காட்டினார்கள். பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வாங்கும் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் கடையில் கீறல் விட்ட முட்டை, கொள்ளு, கொண்டைக்கடலை என்று மளிகைக் காசுக்குள்ளேயே யோகேஸ்வரி ஒரு வழி பண்ணினாள்.

"இந்தாங்க, கொள்ளு வெந்திருச்சு."

"வடிச்ச தண்ணியை மட்டும் குடு. சத்து அம்புட்டும் அதுலதான் இறங்கியிருக்கும்."

"அப்ப கொள்ளு?"

"அது சக்கை. கரும்பைப் பிழிஞ்ச பொறவு சக்கையையா திங்கோம்?"

"இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளும்பாங்க. நீங்க அந்தக் கொள்ளுலயும் தண்ணியைக் குடிச்சுட்டு எங்க போய் ஏறுறதுக்கு?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

கொண்டைக்கடலைக்கும் அதே சட்டம்தான். வேகவைத்த தண்ணீர் அவனுக்கு, கடலை ஓரத்துக்கு.

"மிச்சத்தை என்னட்டி பண்ணுதே?" என்று ஒருநாள் கேட்டான்.

"அதை நான் பாத்துக்கிடுதேன். வீணாப் போகாது."

பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அக்காவின் ஆடு நன்றாகத்தான் கொழுத்துக்கொண்டு வந்தது. அதற்குப் போடுகிறாள் போல என்று ராம்கி விட்டுவிட்டான்.

"ஏங்க, சிலிண்டர் வந்திருக்கு. செத்த உள்ள தூக்கி வைங்க."

"ஜிம்முக்குப் போற நேரம். பலத்தை வீணாக்கக் கூடாதுட்டி. நீயே வச்சிரு."

சிலிண்டர், ரேஷன் அரிசி மூட்டை, மாடிக்குக் குடிதண்ணீர் என்று பலத்தை வீணாக்குகிற வேலைகள் எல்லாம் இப்படி ஒவ்வொன்றாக யோகேஸ்வரியிடம் வந்து சேர்ந்தன.

பொங்கல் வந்தது. சுந்தரபாண்டியத்து மந்தையில் கூட்டம் கூடியது. ராம்கி வேட்டியை இந்தமுறை இறுக்கிக் கட்டியிருந்தான். கல்லைக் கட்டிப் பிடித்துத் தம் பிடித்தான். கல் எழுந்தது. முழங்கால் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் பிடி வழுக்கி, கல் உருண்டு போய் அவன் பைக்கின் முன்சக்கரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"பரவால்ல மாப்ள. போன வருசத்துக்கு இந்த வருசம் முழங்கால் வந்திருக்கு. இன்னும் ரெண்டு பொங்கல்ல இடுப்புக்கு வந்திரும்" என்றான் வேல்பாண்டி.

கூட்டம் சிரித்தது. யோகேஸ்வரி சிரிக்கவில்லை. புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"வீட்டுக்குப் போவோம்" என்றான் ராம்கி, தரையைப் பார்த்துக்கொண்டே.

"கல்லு கிடக்குல்லா, வண்டியை எப்படி எடுக்க?" என்று வேல்பாண்டி ஆள் கூப்பிடத் திரும்பினான்.

"செத்த தள்ளு அண்ணே" என்றாள் யோகேஸ்வரி. முந்தானையை இடுப்பில் செருகினாள். குனிந்து கல்லை அணைத்தாள். சிலிண்டரைத் தூக்குகிற மாதிரி மடிக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளில் வைத்துக்கொண்டு நடந்து போய் மந்தையில் பழைய இடத்தில் போட்டுவிட்டு வந்தாள்.

இளவட்டங்கள் கல்லை ஒருதரம், அவளை ஒருதரம் பார்த்தார்கள்.

"ஏட்டி, இம்புட்டு பலம் உனக்கு எங்கருந்து வந்துச்சு?" என்றான் வேல்பாண்டி.

"கட்டிக் குடுத்த எடத்துல நல்லா வச்சுப் பாத்துக்கிடுதாங்க" என்று பைக்கில் ஏறி உட்கார்ந்தாள்.

வேல்பாண்டி ஓடிவந்து ராம்கியின் கையைப் பிடித்துக்கொண்டான். "மாப்ள, நான் கேலி பேசினதை மனசுல வச்சுக்கிடாதீங்க. எங்க பிள்ளையை ராணி மாதிரி வச்சிருக்கீங்க."

வீடு திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. மடவார் வளாகம் கோயிலைத் தாண்டியதும் ராம்கி வண்டியை ஓரம் கட்டினான்.

"உண்மையைச் சொல்லுட்டி. எனக்குத் தெரியாம என்னத்தைத் தின்னே?"

"தெரியாம என்ன? தெனமும் உங்க கண்ணு முன்னாலதானே எடுத்து வச்சேன்" என்றாள் யோகேஸ்வரி. "மஞ்சக்கரு, கொள்ளு, கொண்டைக்கடலைன்னு நீங்க ஒதுக்கின சக்கை பூராவும்தான்."