வெயிலுமுத்து, மூன்றாம் மாடி

கடிதப் பெட்டியைத் திறந்தாள். உறை ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது.

மேல்பக்கம் அல்ல. இடது ஓரம். பிளேடு வைத்து, ஒரு நூல் பிசகாமல்.

இது நாலாவது.

முதல் கடிதம் வங்கியிலிருந்து வந்தது. வழியில் எங்கேயோ மாட்டிக் கிழிந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். இரண்டாவது நூலகத்தினுடையது. மூன்றாவது, பாளையங்கோட்டையிலிருந்து தோழி லீமா அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து. அதை யாரோ படித்துவிட்டு, மடிப்பு மாறாமல் திரும்ப உள்ளே செருகியிருந்தார்கள்.

பெட்டிக்குச் சாவி ஒன்றே ஒன்று. அது அவள் கழுத்துச் சங்கிலியில் கிடந்தது.

அப்பா அப்படித்தான் வெட்டுவார்.

கோவில்பட்டி வீட்டில், அவள் பேருக்கு வந்த ஒரு காகிதத்தைக்கூட அவள் முதலில் படித்தது கிடையாது. பரீட்சை முடிவு, கல்லூரிக் கடிதம், பொங்கல் வாழ்த்து, எது வந்தாலும் அவருடைய சவரப் பிளேடைத் தாண்டித்தான் அவள் கைக்கு வரும். ஒரே ஒரு தடவை ஏன் என்று கேட்டாள். சிரித்தார். பிள்ளைக்கு வருவதை அப்பன் பார்க்காமல் வேறு எவன் பார்ப்பான் என்றார்.

அவர் இறந்து இரண்டு வருடமாகிறது.

அவள் ஜெர்மனிக்குப் படிக்க வந்து ஆறு வாரம்.

இங்கே கடிதப் பெட்டியில் குடும்பப் பெயரை மட்டும்தான் ஒட்டுவார்களாம். இவளுக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்துக்குள் அப்பா பெயரைப் போட்டிருந்தார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் அதைப் பார்த்து அப்படியே அச்சடித்தார். பெட்டியில் ஒட்டினார். அழைப்பு மணியில் ஒட்டினார். கதவிலும் ஒட்டிவிட்டுப் போனார்.

வெயிலுமுத்து.

பெட்டி பெட்டியாகத்தான் இருந்தது. வீடு அவர் வீடாகிவிட்டது.

அம்மாவிடம் போனில் சொன்னாள். கடிதம் வெட்டுப்படுவதைச் சொல்லவில்லை. கதவில் இருக்கிற பெயரை எடுக்கப்போகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

"ஏட்டி, அது பாட்டுக்கு இருக்கட்டும். வாசல்ல ஒரு ஆம்பள பேரு இருந்தா நாலு பேரு பயப்படுவான்லா."

பயப்படுவது யார் என்று அம்மாவுக்குத் தெரியாது.

அன்று மதியமே நகத்தால் சுரண்டினாள். மூன்று இடத்திலும். வெள்ளைத் தாளில் தன் பெயரை எழுதி ஒட்டினாள்.

கனிச்செல்வி.

தள்ளி நின்று பார்த்தாள். பிறகு மேலே போய்ப் பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்தாள். சட்டியிலிருந்தே குடித்தாள். கேட்க ஆளில்லை.

அதற்குப் பிறகு கடிதமே வரவில்லை.

ஒரு வாரம் போனது. வெறும் பெட்டி. கடை விளம்பரம்கூட இல்லை.

விசா முப்பதாம் தேதியோடு முடிகிறது. நீட்டிப்பதற்கு என்றைக்கு வர வேண்டும் என்று வெளிநாட்டவர் அலுவலகம் தபாலில்தான் சொல்லும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். படிப்பும் போச்சு, இந்தப் பத்துக்குப் பத்து அறையும் போச்சு.

பதினோராம் நாள் வகுப்புக்குப் போகவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

பத்தரைக்குத் தபால்காரி வந்தாள். சிவந்த கன்னம், ஓயாத வாய். வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தாள். இவள் பெட்டியைத் தாண்டிப் போனாள்.

இவள் எழுந்து மறித்தாள். தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கேட்டாள்.

வெயிலுமுத்து பேருக்கு நிறைய வந்ததே என்றாள் தபால்காரி. பெட்டியில் பெயரைக் காணோம், முகவரியில் மூன்றாம் மாடி என்று இருந்தது, அதனால் தினமும் மூன்று மாடி ஏறி மணியடித்தேன், முட்டி போய்விட்டது என்றாள். ஆனாலும் அவர் தங்கமான மனுஷராம். வாசலுக்கே வந்து வாங்கிக்கொள்வாராம்.

தினமும் பத்தரைக்கு. இவள் வகுப்பில் இருக்கும் நேரம்.

தான் தனியாக இருப்பதாக இவள் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள்.

தபால்காரி பைக்குள் கையை விட்டு ஒரு கடிதத்தை எடுத்தாள். அரசாங்க முத்திரை. கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியது.

"இத மட்டும் அவர் வாங்கல. திருப்பி அனுப்பிடுங்கன்னார். பொண்ணு ஊருக்கே திரும்பிப் போயிட்டான்னு சொன்னாரே."

எந்த மொழியில் சொன்னார் என்று இவள் கேட்டாள்.

தபால்காரி வாயைத் திறந்தாள். மூடினாள். தெரியவில்லை என்றாள். ஆனால் புரிந்தது என்றாள்.

அந்தப் பொண்ணு நான்தான் என்றாள் இவள். ஊருக்குப் போகவில்லை. போக மாட்டேன். கடிதத்தைக் கொடுங்கள்.

தபால்காரி தோளைக் குலுக்கினாள். கையெழுத்து வாங்கும் கருவியை நீட்டினாள். சின்னத் திரை. பேனா மாதிரி ஒரு குச்சி.

பெயரை மட்டும் எழுதினால் போதும் என்று நினைத்தாள். தன் பெயரை மட்டும்.

பத்தாம் வகுப்பிலிருந்து போட்டுப் பழகிய தமிழ்க் கையெழுத்து. நினைக்கும் முன்பே கை ஓடியது.

வெ.

புள்ளி வைத்தாயிற்று. அடுத்தது 'க' வர வேண்டும்.

வரவில்லை. குச்சி நகரவில்லை. அழுத்தினாள். இடது கையையும் வைத்து அழுத்தினாள்.

தபால்காரி எட்டிப் பார்த்துவிட்டு, கருவியை மெல்ல வாங்கிக்கொண்டாள். இதுவே போதும் என்றாள்.

பிறகு நிமிர்ந்து சிரித்தாள். காலை வணக்கம் சொன்னாள்.

கடிதத்தை நீட்டினாள், இவள் தோளுக்கு மேலே.