நான்கு இறகு மயில்

ஒரகடத்து மழலையர் பள்ளியின் தகரக் கூரை கொதிக்கிறது. தந்தையர் தினத்துக்கு வந்த அப்பாக்கள் குட்டி நாற்காலிகளில் முட்டி மடங்க உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பாவின் வலது கையில் பச்சைச் சாயம் பூசி அட்டையில் பதித்தால் கட்டைவிரல் மயிலின் கழுத்து, மற்ற நான்கும் தோகை. குழந்தை அதற்குக் கண் வரைந்து அப்பாவுக்கே பரிசளிக்க வேண்டும். இசக்கிபாண்டி பதித்த மயிலுக்கு இரண்டே இறகு. மீதி இரண்டு விரல்கள் போன வருடம் பிரஸ் மிஷினில் போய்விட்டன. “ஏட்டி, எடது கைய வைக்கட்டா?” “வேணாம்ப்பா. மிஸ்ஸு சோத்துக்கைதான் வைக்கச் சொன்னாங்கோ.” மகள் சுகப்பிரியா புது அட்டையோடு பக்கத்து நாற்காலிக்குப் போகிறாள். அங்கே இருப்பவன் அவளோடு படிக்கும் நிவாஸின் அப்பா வேதாந்த். கம்பெனியில் இசக்கிபாண்டியின் லைன் சூப்பர்வைசர். டார்கெட் முடியவில்லை என்று கை உள்ளே இருந்தால் அந்த மிஷினை நிறுத்தும் சென்சாரைக் கழற்றி ஓட்டச் சொன்னவன். “அங்கிள், உங்க கைய குடுங்க.” வேதாந்த் யாரையும் பார்க்காமல் கையை நீட்டுகிறான். சாயக் கிண்ணத்தை இசக்கிபாண்டிதான் பிடித்துக்கொண்டிருக்கிறான். விரல்கள் ஒன்று தவறாமல் பதிகின்றன. சுகப்பிரியா ஊதிக் காயவைத்து, கண் வரைந்து, அட்டையை அப்பாவிடம் கொடுக்கிறாள். “இந்தாப்பா. இப்பதான் உன் கை நல்லா கீது.”