இடக்கை எடுத்தது

வலிப்பு நிற்கவேண்டும் என்று கோதண்டத்தின் மூளையின் இரண்டு பாதிகளையும் இணைத்த பாலத்தை வெட்டியிருந்தார்கள். அதன்பிறகு, திரையின் இடப்பக்கம் மின்னி மறையும் படம் பேசத் தெரியாத பாதிக்கு மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் வாய் ஒன்றுமில்லை என்று சொல்லும். இடக்கையோ துணிக்கு அடியில் துழாவிச் சரியான பொருளை எடுத்துவிடும். ஆராய்ச்சி செய்யும் ஷெரின் சாவியைக் காட்டினாள், கை சாவியை எடுத்தது. கரண்டியைக் காட்டினாள், கரண்டியை எடுத்தது. அடுத்து ஒரு வளையல் மின்னி மறைந்தது.

"என்ன தெரிஞ்சுது சார்?"

"ஒண்ணும் தெரியலம்மா."

துணிக்கு அடியில் வளையல் இருந்தது. இடக்கை அதைத் தொட்டுப் பார்த்தது, ஒதுக்கியது, வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரகதவல்லியின் மணிக்கட்டை வளையல்களோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. தெருவில் மனைவிக்குப் பத்தடி முன்னால் நடந்தே பழகிய மனிதர் அவர்.

"ஏன் சார் அவங்க கையைப் பிடிச்சீங்க?"

கோதண்டம் குனிந்து தன் கையைப் பார்த்தார். வாய் உடனே ஒரு காரணம் கண்டுபிடித்தது.

"ஏசி ஜாஸ்தியா இருக்கு. இவளுக்குக் குளிரும்."

இதைச் சரி என்று எழுதுவதா தப்பு என்று எழுதுவதா என்று ஷெரினுக்குப் புரியவில்லை. அதற்குள் அவர் பிடி மெல்லத் தளர்ந்தது.

"அவருக்குச் சரியாத் தெரியலை போல," என்றாள் மரகதவல்லி, கையை எடுக்காமலே. "அந்தப் படத்தையே இன்னொரு தடவை காட்டும்மா."